தட்டில் கொல்லும் மருந்து

கண்ணை எடுத்தாக வேண்டும் என்று அறுவைச் சிகிச்சை மருத்துவர் சொன்னபோது வேதாச்சலம் சிரித்தார். முகத்தின் இடப்பாதி வீங்கி இறுகிப்போயிருந்ததால் அந்தச் சிரிப்பு வலது கடைவாயில் மட்டும் தோன்றி, மூக்கைத் தாண்டாமல் நின்றது.

"அதெல்லாம் வாணாம் சார். எம் பொண்ணு இதுக்கு மருந்து கண்டுபுடிச்சிக்கீது. நீங்க பேப்பரு பாக்கலியா?"

மருத்துவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற பத்மினியை ஒரு கணம் பார்த்துவிட்டு, "பெத்தாயனா, மந்து சாலது" என்றார். பெரியவரே, மருந்து போதாது என்று அவர் தெலுங்கில் சொன்ன விதத்தில் கடுமை இல்லை. பலரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த களைப்புதான் இருந்தது.

சித்தூருக்குப் போய்க் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொண்டு பாலசமுத்திரத்துக்குத் திரும்பியவர் வேதாச்சலம். பல் போன இடம் ஆறவில்லை. கன்னம் வீங்கியது, மூக்கைச் சிந்தினால் கறுப்பாகப் பொருக்கு வந்தது. சர்க்கரை நோய்க்கு அவர் நினைத்தபோது மாத்திரை போடுவார், நினைக்காதபோது விட்டுவிடுவார். மறுபடி சித்தூருக்குப் போனபோது அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திருப்பதிக்கு அனுப்பினார்கள். கொரோனாக் காலத்தில் ஊருக்கெல்லாம் பெயர் தெரிந்துபோன கறுப்புப் பூஞ்சை.

மருத்துவர் பத்மினியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று விளக்கினார். இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் புகுந்து அதை அடைத்துவிடுகிறது. அடைபட்ட இடத்துக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எனவே சொட்டுமருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே செத்த தசையை வெட்டி எடுத்தாக வேண்டும். மேல்தாடையில் பாதியும் இடது கண்ணும் போகும். இப்போது செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு. கண்ணுக்குப் பின்னால் போய்விட்டால் அடுத்தது மூளை.

"நீங்கள் அறிவியல் படித்தவர். உங்கள் தந்தைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

பத்மினி உள்ளே வந்தாள். தந்தை சொட்டுமருந்தின் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நைனா, அவரு சொல்றது நெசம். ஆப்ரேஷன் பண்ணித்தான் ஆவணும்."

"எனுக்கு வெளிச்சம் தெரியிது பாப்பா. சன்னலு எங்க கீது, லைட்டு எங்க கீது, எல்லாம் தெரியிது. தெரியற கண்ண நோண்டி எடுக்கிறது இன்னா ஞாயம்? உன் மருந்து இன்னாத்துக்கு கீது?"

"அது மருந்து இல்ல நைனா. ஈஸ்ட்டுல பண்ணிப் பாத்தது. மனுசங்களுக்குக் குடுக்க எத்தினியோ வருசம் ஆவும்."

"ஈஸ்ட்டோ கீஸ்ட்டோ. அந்தப் பூஞ்சய அது கொல்லுதா, கொல்லலியா? அத மட்டும் சொல்லு."

அவள் தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத தயக்கம் அது. அன்றைக்கு அவள் நம்பிய உண்மையைத்தான் சொன்னாள்.

"தட்டுல கொல்லுது."

"அவ்ளோதான்" என்று வேதாச்சலம் கண்ணை மூடிக்கொண்டார். 'தட்டுல' என்ற சொல் அவர் காதுக்குப் போய்ச் சேரவேயில்லை.

ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கும் தட்டைக் குறித்த அந்தச் சொல்லுக்குள்தான் பத்மினியின் நான்கு வருட உழைப்பும் இருந்தது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் உறைமேல் ஒரு புரதம் இருக்கிறது. உயிரணுவுக்குள் சேரும் அமிலத்தை அது இடைவிடாமல் வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் விசையைக் கொண்டுதான் ஈஸ்ட் தனக்கு வேண்டிய உணவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பம்பு நின்றால் ஈஸ்ட் சாகும். எல்லாப் பூஞ்சைகளிடமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பம்பு உண்டு. மனித உடலில் இருப்பவை வேறு வகையினவாக இருப்பதால், பூஞ்சையின் பம்பை மட்டும் அடைக்கும் பொருளொன்று கிடைத்தால் அது மருந்தாகக்கூடும். கறுப்புப் பூஞ்சையை வளர்த்து வேலை செய்ய அவளுடைய ஆய்வகத்தில் வசதி இல்லை. ஆகவே ஈஸ்ட்டின் பம்பு மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சையின் பம்பு மரபணுவை வைத்தாள். வேதியியல் துறையில் செய்து தந்த சேர்மங்களில் ஒன்று, சாதாரண ஈஸ்ட்டையும் கொன்றது, அவள் மாற்றி அமைத்த ஈஸ்ட்டையும் ஏறத்தாழ அதே அளவில் கொன்றது. உறவுக்காரப் பம்புகள் ஒரே நஞ்சுக்கு மடிகின்றன என்று அவள் கட்டுரை எழுதி அனுப்பினாள். துறைக் கருத்தரங்கில் அதைப் பேசியபோது ஒரு தெலுங்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவள் படத்தோடு செய்தி வந்தது. ஈஸ்ட் என்ற சொல் அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. வேதாச்சலம் அதை லேமினேஷன் செய்து டிவிக்கு மேலே மாட்டினார்.

மறுநாள் பிச்சாட்டூரிலிருந்து அத்தை ரத்னம்மா இட்லிப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். வேதாச்சலத்தின் ஒரே தங்கை. எந்த நோயாளியின் தலைமாட்டிலும் சத்தமாகப் பேசுகிறவள்.

"இன்னாண்ணா, மூஞ்சி பூசணிக்கா மாரி ஆயிடுச்சி? ஒரு பக்கம் மட்டும் ஒடம்பு ஏறிக்கினு கீது."

"நீ கொண்டாந்த இட்லிய மெல்லணும்னுதான் கன்னத்த பெருசு பண்ணிக்கினேன்."

"மெல்லு மெல்லு. ஒம் பொண்ணுக்கு முப்பது ஆயிப்போச்சே, எப்ப கல்யாணம்னு கேட்டா, 'அவ சாமானியப்பட்டவளா'ன்னு எங்கிட்ட பேப்பர ஆட்டினியே! இப்ப அவ மருந்த நீயே மொதல்ல துன்னு. சாமிக்குப் படைக்கிற மாரி."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண் பத்மினியைக் கூர்ந்து பார்த்து, "பேப்பர் அம்மாயி ஈவிடேனா?" என்று ரத்னம்மாவிடம் கேட்டாள். ஆமாம், பேப்பரில் வந்த பெண் இவள்தான் என்று ரத்னம்மா பெருமையாகத் தலையாட்டினாள். பத்மினி சொல்ல நினைத்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது.

தம்பி யோகேஷ் சிரிக்கவில்லை. கம்பெனியில் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்த அவன், அக்காவை லிப்ட்டுக்கு அருகே இழுத்துக்கொண்டு போனான்.

"கொஞ்சம் கொண்டா. ஒரு சின்ன பாட்டில். சொட்டுமருந்தோட கலந்து உட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"பைத்தியமாடா நீ? எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல. கிட்னி ஒரே நாள்ல போயிடும்."

"கண்ணு போறதுக்குக் கிட்னி போனா பரவால்ல. அந்தாளு ஒத்துக்கவே மாட்டாரு, உனுக்குத் தெரியாதா? உன்ன நம்பித்தான் அடம் புடிச்சிக்கினு கீறாரு."

"நான் நம்பச் சொல்லல."

"வாணாம்னும் சொல்லலியே."

அவள் படியிறங்கினாள். பேருந்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியெல்லாம் தம்பியின் கடைசி வார்த்தை அவளோடு வந்தது. அதைவிட வெட்கமான ஒன்றும் கூடவே வந்தது: நம்பிக்கை. அந்தச் சேர்மம் பம்பை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறது என்பதை அவள் இதுவரை அளந்ததில்லை. மிகக் குறைந்த அளவிலேயே, மிக விரைவிலேயே நிறுத்துமானால்? யாரிடமாவது பேசலாம், அனுமதி கேட்கலாம், இப்படிப்பட்ட நிலையில் சோதனை மருந்து கொடுத்த கதைகள் எங்கேயோ உண்டு. அது நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தும் கால்கள் ஆய்வகத்துக்குள் விரைந்தன.

சோதனை எளியது. ஊதா நிறச் சாயம் கலந்த நீரில் ஈஸ்ட்டை விட வேண்டும். பம்பு அமிலத்தை வெளியே தள்ளத் தள்ள நீர் மஞ்சளாகும். மஞ்சளாகும் வேகமே பம்பின் வேகம். ஒரு குழாயில் சாதாரண ஈஸ்ட்டையும், அடுத்ததில் கறுப்புப் பூஞ்சையின் பம்பைச் சுமக்கும் தன் ஈஸ்ட்டையும் விட்டாள். மருந்து சேர்த்த குழாய்களை அவற்றுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

மருந்து சேர்த்தவை ஊதாவாகவே இருந்தன. அதில் அவளுக்கு மகிழ்ச்சி. ஆனால் மருந்து சேர்க்காத முன்வரிசைக் குழாய்கள் இரண்டும் ஒரே சமயத்தில் வெளிறி, ஒரே சமயத்தில் மஞ்சளாயின. சாயலில் சற்றும் வேறுபாடு இல்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே.

வழிகாட்டியான பேராசிரியர் ஸ்ரீதேவி மாலைத் தேநீருக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். சித்தூர்த் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப் பக்கத்து வீடுகளின் நடுவே வளர்ந்தவர்; மாணவர்களுக்கு ஏற்ப மொழியை மாற்றிக்கொள்வார்.

"ஏமம்மா, அப்பாவுக்கு எப்படி இருக்கு? நீ எதுக்கு இங்க வந்தே?" என்றவர், குழாய்களைப் பார்த்ததும் கேள்விகளை மறந்தார். "இதுல எது எது?"

பத்மினி சொன்னாள்.

"அக்கா தங்கைன்னாலும் நடையில வித்தியாசம் இருக்கும். இது ரெட்டைப் பிள்ளைகூட இல்லையே. ஒரே ஆளு ரெண்டு தடவை நடந்த மாதிரி இருக்கு." ஸ்ரீதேவி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பழைய மரபணுவை வெளியேத்தின தட்டுல எந்தக் காலனியை, எந்தப் புள்ளியை எடுத்தே?"

அந்தக் கேள்வியின் பொருள் பத்மினிக்கு உடனே விளங்கியது.

பம்பு இல்லாமல் ஈஸ்ட் ஒரு நொடியும் வாழாது. ஆகவே முதலில் ஈஸ்ட்டின் சொந்த மரபணுவை ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றித் தாங்கலாகக் கொடுத்துவிட்டுத்தான் கறுப்புப் பூஞ்சையின் மரபணுவை உள்ளே வைப்பார்கள். பிறகு, அந்தத் தாங்கல் வளையத்தை வைத்திருக்கும் உயிரணுக்களை மட்டும் கொல்லும் நஞ்சுத் தட்டில் பரப்புவார்கள். தாங்கலைக் கைவிட்டவை மட்டும் பிழைத்துப் புள்ளிகளாக வளரும். பிழைத்தவை புதிய பம்பை நம்பி வாழ்பவை என்பது கணக்கு. ஆனால் இரண்டு மரபணுக்களின் முன்னும் பின்னும் ஒரே தொடர்தான் வைக்கப்பட்டிருக்கும். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஓர் உயிரணு தன் பழைய மரபணுவைப் புதியதன் இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, அதன்பின் வளையத்தை உதறிவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் தேர்வில் வென்றதுபோல் தெரியும். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது.

மரபணுவை மாற்றிய அன்று அந்தத் தட்டில் ஊசிமுனை அளவில் ஏராளமான வெளிறிய புள்ளிகளும், அவற்றினிடையே வெண்ணெய்போல் திரண்ட பெரிய புள்ளி ஒன்றும் இருந்தன. பத்மினி பல்குச்சியால் பெரியதைத் தொட்டு எடுத்தாள். யோசிக்கவில்லை. பாலசமுத்திரத்துத் தக்காளி நிலத்தில் குழித்தட்டு நாற்றுகள் வந்து இறங்கும் நாட்களில், தண்டு தடித்ததை நடுவதற்கும் சவலையானதை வரப்புக்கு அப்பால் எறிவதற்கும் அவள் கை எழுத்து கற்பதற்கு முன்பே பழகியிருந்தது. அந்தப் பழக்கம் ஆய்வகத்துக்குள்ளும் அவளோடு வந்திருந்ததை அவள் அறியவில்லை.

"பெருசா இருந்ததை" என்றாள் கடைசியில்.

"அதுக்கு ஏன் உடம்பு நல்லா இருந்தது?" ஸ்ரீதேவியின் குரல் உயரவில்லை. "அந்நியன் பம்பை வச்சிக்கிட்டு வாழுற ஈஸ்ட் நோயாளியாத்தான் இருக்கணும். உன்னை ஏமாத்தினதையே நீ எடுத்திருக்கே. தப்பு எனக்கும்தான். நான் தட்டைப் பாக்கலை. உன் எண்களைத்தான் பாத்தேன். கட்டுரையை நாளைக்குத் திரும்ப எடுத்துடலாம்."

"மேடம், சின்னதுங்க இருக்கிற தட்டு குளிர் அறையில இருக்கு."

"அப்ப அதுங்ககிட்ட கேளு."

அன்று மாலையே பத்மினி மருத்துவமனைக்குத் திரும்பினாள். நான்கு வருட உழைப்பு சரிந்ததைப் பற்றி வழியில் அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை. தந்தையின் பிடிவாதத்துக்கு இருந்த ஒரே ஊன்றுகோல் பொய்யாகிவிட்டது. அதை எடுத்துவிட்டால் அவர் இணங்கிவிடுவார். அந்த எண்ணத்தில் ஒருவகை நிம்மதிகூட இருந்தது.

"நைனா, என் வேலை தப்பாப் போச்சி. அந்த மருந்து கறுப்புப் பூஞ்சய கொல்லுதுன்னு நான் சொன்னது தப்பு. நான் வச்சிக்கினு இருந்ததுல கறுப்புப் பூஞ்சையோடது எதுவுமே இல்ல."

வேதாச்சலம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். இடது இமை இப்போது திறக்கவில்லை.

"டாக்டரு சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல நைனா."

"யோகேசா?"

"யாரும் சொல்லல. நானே இன்னிக்கிக் கண்டுபுடிச்சேன்."

"நேத்து வரைக்கும் கொல்லுச்சி. எங்கண்ண எடுக்கணும்னதும் இன்னிக்குக் கொல்லல." அவர் குரலில் கோபம் இல்லை, மகளின் அன்பைப் புரிந்துகொண்டவரின் கனிவு இருந்தது. "ஒங்கம்மா சாவறப்போ நானும் அப்டித்தான் சொன்னேன். ஒண்ணுமில்ல, வாயுதான்னு. நம்ப வைக்கணும்னா ஆயிரம் சொல்லலாம் பாப்பா. உன் படிப்ப நீயே கொறச்சிப் பேசாத, எனுக்காவ."

"சத்தியமா சொல்றேன் நைனா."

"காட்டு. கண்ணால பாத்தா ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் ரெண்டும் வச்சிக்கினு கீறேன்."

சவலைப் புள்ளிகளையும் பக்கத்திலேயே பெரியதையும் மருந்துத் தட்டில் தீட்டிவைத்து அவள் காத்திருந்தாள். மருந்தில்லாத தட்டைப் பெரியது ஒரு நாளில் நிரப்பும். இவை மறுநாள் காலை கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கடுத்த நாள் பனி படர்ந்தாற்போல் ஒரு மங்கல். உண்மை வளர நாட்கள் தேவைப்பட்டன. அந்த நாட்கள் வேதாச்சலத்தின் முகத்திலிருந்து எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தினமும் மருத்துவர் வந்து கேட்டார். தினமும் அவர் மறுத்தார். தன் நினைவோடு இருப்பவரை அவர் சம்மதமின்றி மேசையில் ஏற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். யோகேஷ் தந்தையின் காலைப் பிடித்து அழுதான். "அக்கா தட்டு கொண்டாரட்டும்" என்பதே அவனுக்குக் கிடைத்த பதில்.

மருந்துத் தட்டில் சவலைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரண்ட காலையில் பத்மினி பழைய தட்டையும் அதையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு ஓடினாள். சோதனைக்கு அனுப்பியிருந்த சிறியவற்றின் மரபணுத் தொடரும் வந்து சேர்ந்திருந்தது: கறுப்புப் பூஞ்சையுடையதேதான். பெரியதன் தொடர், தலை முதல் கால் வரை ஈஸ்ட்டுடையது.

வேதாச்சலத்துக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. பேச்சு குழறியது, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. அவள் பழைய தட்டின் படத்தை அவர் வலது கண்ணுக்கு நேரே பிடித்து, விரலால் பெரிதாக்கினாள்.

"இது நாத்துத் தட்டுன்னு வச்சிக்கோ நைனா. இதுல எத நடுவே?"

அவர் விரலால் கண்ணாடித் திரையைத் தொட்டார். வெண்ணெய்த் திரளைத்தான்.

"நானும் அதத்தான் எடுத்தேன். அது வேஷம். பழைய ஈஸ்ட்டே புதுசுன்னு நின்னுக்கினு இருந்துச்சி. மருந்து அதத்தான் கொன்னுச்சி. மெய்யான கறுப்புப் பூஞ்சப் பம்பு இதோ, இந்தச் சவலைங்ககிட்ட கீது." அடுத்த படத்தைத் தள்ளினாள். "இது மருந்து ஊத்தின தட்டு. பெருசு கீதா பாரு."

"இல்ல."

"சவலைங்க?"

அவர் பார்த்தார். மருந்தின் நடுவே வெளிறிய புள்ளிகள் வரிசையாக உயிரோடு இருந்தன. நெடுநாள் பயிர் பார்த்த கண் அது. வளர்வதையும் வாடுவதையும் அதற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வளந்துக்கினு கீதே" என்றார் மெல்ல.

அவள் தலையசைத்தாள்.

"அந்த டாக்டர கூப்புடு." சற்று மூச்சு வாங்கிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஊர்ல சொல்லாத."

"இன்னாத்த?"

"இது தப்பாப் போச்சின்னு. நான் கீற வரைக்கும் சொல்லாத. ரத்னம்மாகிட்ட, அந்த டீக்கடக்காரன்கிட்ட, யார்கிட்டயும். அப்பறம் உன் இஷ்டம்."

அவள் ஒப்புக்கொண்டாள். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பாள்.

அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கண்குழிக்குப் பின்னால் ஓரிடத்தைப் பேனாவால் காட்டினார். முதல் நாள் அந்த இடம் தெளிவாக இருந்தது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்லாதது அவருடைய கருணை. ஆனாலும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கண்ணும் மேல்தாடையும் கன்னத்தெலும்பும் போயின. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே கிடந்த அந்த முகத்தில் தந்தையைக் கண்டுபிடிக்க யோகேஷுக்கு வலது காது தேவைப்பட்டது. அதில் கடுக்கன் போட்ட பழைய துளை இருந்தது. வேதாச்சலம் விழிக்கவில்லை. சிறுநீரகங்கள் நின்றன, அதன்பின் மற்றவை.

கருமாதி நாளில் பங்காளிகளும் ஊராரும் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தபோது, பேச்சு தானாகவே அந்த இடத்துக்கு வந்தது. சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், "பொண்ணு மருந்து கண்டுபுடிச்சதா போட்டாங்களே, அத குடுக்கலியா?" என்றார்.

பத்மினி எழுந்து நின்று சொன்னாள். தன் வேலை தவறு, அந்த மருந்து அந்தப் பூஞ்சையைக் கொல்லாது, செய்தித்தாளில் வந்தது உண்மையல்ல. முடிந்தவரை எளிதாகச் சொன்னாள். வகுப்பறையில் சொல்வதுபோல் காரணமும் சொன்னாள்.

"இத நைனா இருக்கும்போதே ஊர்ல சொல்லியிருக்கலாமே" என்றான் யோகேஷ். மொட்டையடித்த தலையில் வெயில் பட்டது.

"அவருதான் சொல்ல வாணாம்னாரு."

"நல்லா கீது. செத்தவரு மேல போடு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் லிப்ட்டுகிட்ட நின்னுக்கினு கையேந்திக் கேட்டேன். ஒரு பாட்டில். அன்னிக்கு 'கிட்னி போயிடும்'னே. இப்ப 'அது மருந்தே இல்ல'ங்கிறே. கிட்னி போவாம இருந்துச்சா? ரெண்டுல எதாவது ஒண்ண சொல்லு."

"ரெண்டும் நெசம்டா."

"ரெண்டும் நெசமா" என்றான். சத்தியவேட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துவிட்டு இலை போடலாமே என்றார். இலை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ரத்னம்மா பத்மினியைக் கிணற்றடிக்கு அழைத்தாள். கையில் கைபேசி. சாவுக்கு வந்த நாள் முதல் அவள் கேலியாக எதுவும் பேசவில்லை என்பது பத்மினிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒங்க மாமாவுக்குக் கால்ல புண்ணு. கட்டவெரலு. ரெண்டு மாசமா ஆறல." படத்தைக் காட்டினாள். விரல்நுனி கறுத்திருந்தது. "புத்தூர்ல காட்டினோம். வெரல எடுக்கணும்ங்கிறான். சர்க்கரதான் காரணமாம்."

"எடுத்துடுங்க அத்தே."

"இரு, சொல்றத கேளு. அங்க எல்லார் எதிர்லயும் நீ சொன்னது எனுக்குப் புரியிது. வயசுப் பொண்ணு, நாளைக்கு எதாச்சும் கேசு கீசுன்னு வந்தா வேலை போயிடும். இல்லன்னுதான் சொல்லணும். சரிதான்." குரலைத் தாழ்த்தினாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கொஞ்சூண்டு குடு. புண்ணு மேல தடவறதுக்குத்தான். உள்ளகூட போவாது."

விளக்குவதற்குப் பத்மினியிடம் இருந்த எல்லாவற்றையும் பந்தலில் செலவழித்துவிட்டிருந்தாள்.

"அப்படி ஒண்ணு இல்ல அத்தே. எங்கிட்ட எந்த மருந்தும் இல்ல. புத்தூர்க்காரன் சொன்னத செய்ங்க. நாளு தள்ளினா வெரலோட நிக்காது."

"ஒங்க நைனாவுக்கும் இல்ல. எனுக்கும் இல்ல." ரத்னம்மா கைபேசியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவன் இன்னா தெம்பா சொன்னான் தெரியுமா எங்கிட்ட? 'எம் பொண்ணு கையில கீது ரத்னம், பயமே இல்ல'ன்னான். அவன் பொய் சொல்ற ஆளா?"

"இல்ல அத்தே."

"அப்ப?"

பத்மினியிடம் பதில் இருந்தது. தந்தை பொய் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லப்பட்டது பொய். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அத்தையின் முகத்தில் என்ன தோன்றும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ரத்னம்மா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பிச்சாட்டூருக்கு வண்டி பிடிக்க ரோட்டுப் பக்கம் நடந்தாள். பத்மினி வீட்டுக்குள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, யோகேஷிடம் எதுவும் சொல்லாமல், பின்னாலேயே விரைந்தாள்.

"நானும் வரேன் அத்தே. மாமாவ நான் புத்தூருக்குக் கூட்டிக்கினு போறேன்."

ரத்னம்மா திரும்பவில்லை. நடையைத் தளர்த்தவும் இல்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பத்மினி நாலடி பின்னால் நடந்தாள். வண்டி வந்து நின்றபோது அத்தை ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பத்மினி உட்கார்ந்தாள். வண்டி புறப்பட்டது.